மேல்முறையீடு முடியும்வரை



ஜாமீன் வழக்குகளையும் வேலை வழக்குகளையும் மேல் நீதிமன்றங்கள் எப்படி முடிவு செய்கின்றன என்று பேசச் சொன்னார்கள். இரண்டையும் ஏன் ஒரே மேடையில் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். ஒன்று குற்றவியல், மற்றொன்று தொழிலாளர் சட்டமும் பணிச் சட்டமும். நீதிபதிகள் வேறு, வழக்கறிஞர்கள் வேறு, நீதிமன்ற வராந்தாவில் நிற்கும் கூட்டமும் வேறு. ஆனால் இரண்டு கூட்டத்தின் மனதிலும் இருப்பது ஒரே கேள்விதான். கடைசித் தீர்ப்பு வருகிறபோது வரட்டும், அதுவரை நான் எங்கே இருப்பது? எதை வைத்துக் குடும்பத்தை நடத்துவது? கடைசித் தீர்ப்பைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன, சட்டக் கல்லூரிகள் கற்பிக்கின்றன. அதுவரைக்குமான ஏற்பாட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எளிய குடும்பம் ஒன்றுக்கு அந்த இடைக்கால உத்தரவுதான் பெரும்பாலும் தீர்ப்பாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. இன்றைய பேச்சு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

மேலே போனால் வழக்கை முதலிலிருந்து மறுபடி விசாரிப்பார்கள் என்று நம்பி வருகிறவர்கள் நிறைய. அப்படி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கு வருகிறவர், தொழிலாளியானாலும் நிர்வாகமானாலும், அப்பீல் செய்யவில்லை. அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் ரிட் மனு போடுகிறார். அந்த மனுவில் நீதிமன்றம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை 1963-ல், சென்னை மாநிலத்திலிருந்து போன ஒரு பஸ் பெர்மிட் வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதி கஜேந்திரகட்கர் வரையறுத்தார். பதிவேட்டின் முகத்திலேயே தெரிகிற சட்டப் பிழை இருந்தால் தலையிடலாம். சாட்சியமே இல்லாமல் எட்டிய முடிவானாலோ, ஏற்க வேண்டிய சாட்சியத்தை ஏற்க மறுத்திருந்தாலோ தலையிடலாம். சாட்சியம் போதுமா போதாதா என்ற ஆராய்ச்சிக்குள் போகக் கூடாது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வரையறை நிற்கிறது.

அரசு ஊழியரின் ஒழுங்கு நடவடிக்கை வழக்கிலும் ஏறத்தாழ இதே நிலைதான். தண்டனை முறையான வழியில் போடப்பட்டதா என்று பார்ப்பார்கள். தண்டனையின் அளவை, அது மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு மிகையாக இருந்தாலொழியத் தொடமாட்டார்கள் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆலைத் தொழிலாளிக்கு நிலைமை சற்று மேல். தொழில் தகராறுகள் சட்டத்தில் 1971-ல் சேர்க்கப்பட்ட 11ஏ பிரிவு, தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கே கொடுத்தது. ஆகவே கீழே நடக்கிற உள் விசாரணையை, "எல்லாம் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். அங்கே கேட்காத கேள்வியை, அங்கே காட்டாத ஆவணத்தை, மேலே யாரும் கேட்கமாட்டார்கள், பார்க்கவும் மாட்டார்கள். தொழிற்சங்க நண்பர்கள் இங்கே பலர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஜாமீனில் கணக்கு கொஞ்சம் வேறு. அமர்வு நீதிமன்றம் மறுத்த பிறகு உயர் நீதிமன்றத்தில் போடும் மனு, பெரும்பாலான குற்றங்களில், அப்பீல் என்ற கணக்கில் வராது. இரண்டு நீதிமன்றங்களுக்கும் ஒரே பிரிவில் நேரடி அதிகாரம் இருக்கிறது. முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 439-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 483. தேசியப் புலனாய்வு முகமை வழக்குகளில் ஜாமீன் மறுப்பை எதிர்த்து முறையான மேல்முறையீடு, அதுவும் இரண்டு நீதிபதிகள் அமர்வின் முன். கொடுத்த ஜாமீனை மேல் நீதிமன்றம் பறிக்கும்போதும் இரண்டு வழிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜாமீனில் வந்தவர் சாட்சியை மிரட்டினார், தலைமறைவானார் என்பது ஒரு வழி. அதற்கு மிக வலுவான காரணம் வேண்டும் என்று 1994-லேயே சொல்லியாயிற்று. ஜாமீன் உத்தரவே தவறு, குற்றத்தின் தன்மையைப் பார்க்காமல், காரணமே எழுதாமல் கொடுத்துவிட்டார்கள் என்பது இன்னொரு வழி. இதில் ஜாமீன் பெற்றவர் எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை, உத்தரவு கோணலாக இருந்தாலே ரத்தாகும். 2019-ல் நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்தது. காரணம் எழுதாத உத்தரவை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போகிறவர், ஆறு மாதம் கழித்து அதே காரணத்துக்காக மறுபடி சிறைக்குப் போக நேரலாம்.

இப்போது தண்டனை பெற்ற பிறகு, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும் காலத்துக்கு வருகிறேன். நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்புவது இங்கேதான்.

ஒரு காலத்தில் ஆயுள் தண்டனைக் கைதிக்கு மேல்முறையீட்டுக் காலத்தில் ஜாமீன் தருவதில்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் வழக்கமாகவே இருந்தது. 1977-ல் பஞ்சாபிலிருந்து ஒருவர் வந்தார். ஏற்கெனவே நான்கரை ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன. அவருடைய மேல்முறையீட்டை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது, ஆனால் அது பட்டியலுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். நீதிபதி பி.என். பகவதி நீதிமன்றத்தையே பார்த்துக் கேட்டார். உன் வழக்கில் விசாரிக்க விஷயம் இருக்கிறது என்று நாமே ஒப்புக்கொண்டோம். விசாரிக்க நமக்கு நேரமில்லை. அதற்காக அவன் உள்ளே இருக்க வேண்டுமா? ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அவன் குற்றவாளி இல்லை என்று தெரிந்தால் அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? நியாயமான காலத்துக்குள் மேல்முறையீட்டைக் கேட்க முடியாத நீதிமன்றம், வலுவான எதிர்க் காரணம் இல்லாவிட்டால் அந்த மனிதனை வெளியே விட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

இந்தத் தீர்ப்பின் அருமை என்னவென்றால், தாமதம் யாருடைய குறை என்று அது கேட்டது. நீதிமன்றத்தின் தாமதம் என்றால் அதன் சுமையைக் கைதியின் தோளில் ஏற்றாதே என்றது. நீதிபதி கிருஷ்ணய்யர் அதே காலத்தில், ஆந்திராவிலிருந்து வந்த ஒரு கொலை வழக்கில், ஜாமீன் தரும் தன்விருப்ப அதிகாரத்தை நீதிபதியின் சொந்த விருப்பு வெறுப்பாக ஆக்கக் கூடாது என்று விரிவாக எழுதினார். அந்த வழக்கில் கீழ் நீதிமன்றம் விடுதலை செய்தவர்களை உயர் நீதிமன்றம் தண்டித்திருந்தது. ஒரு முறை விடுதலையானவர்கள், அந்தக் காலத்தில் ஒழுங்காக இருந்தவர்கள் என்பதை அவர் அவர்கள் பக்கம் எடுத்துக்கொண்டார்.

ஜாமீன் கிடைத்தவுடன் கதவு திறந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 1978-ல் மத்தியப் பிரதேசத்து ஏழைக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. கீழே இருந்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். கொத்தனாரின் சகோதரர் பிணை நிற்க வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். கொத்தனார் மறுபடி டெல்லி வரை போக வேண்டியதாயிற்று. கிருஷ்ணய்யர் கோபம் கொண்டார். பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ ஒரு தமிழரோ மலையாளியோ கைதானால் உள்ளூர்ப் பிணைதாரருக்கு எங்கே போவார் என்று கேட்டு, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். இன்று அந்தக் கேள்வி நம் ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பீகார் இளைஞர் ஒருவர் கைதானால், வீட்டு வரி ரசீதோடு இரண்டு உள்ளூர்ப் பிணைதாரர்களை அவர் எங்கே தேடுவார்?

2022-ஆம் ஆண்டின் சிறைப் புள்ளிவிவரப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். இவர்களில் ஜாமீன் கிடைத்தும் பிணை கொடுக்க முடியாமல் உள்ளே இருப்பவர்களை மனதில் வைத்து 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சில கட்டளைகள் போட்டது. ஜாமீன் கிடைத்து 7 நாட்களில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை தரப்படாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவதைப் பற்றி யோசிக்கலாம். நல்ல கட்டளைகள். உங்கள் மாவட்டத்தில் இவை நடக்கின்றனவா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இருக்கிறது.

நிபந்தனைகளிலேயே நம் ஊர் வழக்கம் ஒன்று இருக்கிறது. தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து, மறு உத்தரவு வரும் வரை. எழுதுகிறவருக்கு ஒரு வரி. மில்லில் காலை ஷிப்ட் போகிறவருக்கு, சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு, அது அன்றைய கூலி. ஜாமீன் உத்தரவு ஒரு கையால் வெளியே விட்டு மறு கையால் வேலையைப் பறிக்கிறது. கையெழுத்து வேலை நேரத்துக்கு முன்போ பின்போ இருக்கட்டும், அல்லது வாரம் ஒரு நாள் இருக்கட்டும் என்று முதல் நாளே கேளுங்கள். கேட்டால் பல நீதிபதிகள் தருகிறார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

சிறப்புச் சட்டங்களைச் சுருக்கமாகவே தொடுகிறேன். சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், பணமோசடித் தடுப்புச் சட்டம் போன்றவற்றில் ஜாமீனுக்குக் கதவு மிகக் குறுகியது. ஆனால் 2021 பிப்ரவரியில், கேரளப் பேராசிரியரின் கை வெட்டப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி திறந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தார், இன்னும் 276 சாட்சிகள் பாக்கி. விசாரணை முடியும் வழியே தெரியாதபோது, சட்டத்தின் கடுமை அரசியலமைப்பு தரும் உரிமைக்கு மேல் நிற்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் தந்த ஜாமீனை உறுதி செய்தது. 2024 செப்டம்பரில் தமிழக முன்னாள் அமைச்சர் செந்தில் பாலாஜிக்கு 15 மாதச் சிறைக்குப் பிறகு ஜாமீன் தந்ததும் இதே அடிப்படையில்தான். போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு, தொடர்புடைய வழக்கில் சுமார் 2,000 பேர் குற்றம் சாட்டப்பட்டவர்கள். அவ்வளவு பேரை வைத்துக்கொண்டு வழக்கு எப்போது முடியும்? அவர் குற்றவாளியா இல்லையா என்பதைப் பற்றி அந்த உத்தரவு எதுவும் தீர்மானிக்கவில்லை. காத்திருப்புக்கு எல்லை உண்டு என்பதைத்தான் சொன்னது.

இனி வேலை வழக்கு. தொழிலாளர் நீதிமன்றம் ஒருவரை மீண்டும் பணியில் சேர்க்கச் சொல்கிறது. நிர்வாகம் உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்குகிறது. அங்கே தோற்றால் இரு நீதிபதிகள் அமர்வு, அதற்கு மேல் உச்ச நீதிமன்றம். நிர்வாகத்துக்கு இதில் அவசரம் ஒன்றுமில்லை. ஜெயித்த தொழிலாளிதான் பட்டினி கிடக்க வேண்டும். இதைச் சரிசெய்யத்தான் தொழில் தகராறுகள் சட்டத்தில் 17பி பிரிவு சேர்க்கப்பட்டது, 1984 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. மேல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும் காலம் முழுவதும் கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தை நிர்வாகம் கொடுக்க வேண்டும். வேறு எங்கும் வேலையில் இல்லை என்று தொழிலாளி பிரமாண வாக்குமூலம் தந்தால் போதும். கடைசியில் நிர்வாகமே ஜெயித்தாலும் இந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது.

என்னைப் பொறுத்தவரை 1977-ல் பகவதி சொன்னதும் 17பி சொல்வதும் ஒன்றே. வழக்கு இழுக்கும் காலத்தின் சுமையைத் தாங்க முடியாதவன் மேல் போடாதே. ஆனால் 17பியில் ஒரு ஓட்டை இருக்கிறது. கடைசியாக வாங்கிய சம்பளம் என்றால் வேலை போன அன்று வாங்கிய சம்பளம்தான் என்று 1997-ல் ஒரு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வேலை போனவருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளம். அரிசி விலை அதற்காகக் காத்திருக்கவில்லை. ஆனாலும் தேவைப்பட்டால் உயர் நீதிமன்றம் தன் அரசியலமைப்பு அதிகாரத்தில் கூடுதலாகவும் தரச் சொல்லலாம் என்று தெளிவுபடுத்தினார்கள். அந்தக் கூடுதலை யாரும் தானாகத் தரமாட்டார்கள், தனி மனுப் போட்டுக் கேட்க வேண்டும்.

இரண்டு உலகமும் ஒரே மனிதனின் வாழ்க்கையில் மோதிக்கொண்ட வழக்கு கோலார் தங்கவயலில் நடந்தது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் உழைத்த ஊர் அது. பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவரின் வீட்டில் 1985 ஜூனில் போலீஸ் சோதனை. 4.5 கிராம் தங்க உருண்டையும் கொஞ்சம் தங்க மணலும் கிடைத்ததாக வழக்கு. மறுநாளே சஸ்பெண்ட். குற்ற வழக்கு முடியட்டும், அதன் பிறகு துறை விசாரணை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார், மறுத்தார்கள். சஸ்பெண்ட் காலத்தில் தர வேண்டிய பிழைப்பூதியம் தரவில்லை. அவர் கேரளத்தில் உடல்நலமில்லாமல் இருந்தார், விசாரணைக்கு வந்துபோகக் காசில்லை. அவர் இல்லாமலே விசாரணை முடிந்தது, 1986 ஜூனில் டிஸ்மிஸ். எட்டே மாதத்தில், 1987 பிப்ரவரியில், குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சோதனையே நிரூபிக்கப்படவில்லை என்றது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம், இரு நீதிபதிகள் அமர்வு நிறுவனத்தின் பக்கம். 1999 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தனி நீதிபதியின் தீர்ப்பை மீட்டெடுத்தது, சஸ்பெண்ட் ஆன நாள் முதல் முழுச் சம்பளமும் தரச் சொன்னது. பிழைப்பூதியம் தராமல் ஒருவரை விசாரணைக்கு வரச் சொல்வது வாழும் உரிமையையே மறுப்பது என்று நீதிபதி சகீர் அகமது எழுதினார். நீதி கிடைத்தது. சோதனை நடந்த நாளிலிருந்து கிட்டத்தட்ட பதினான்கு ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டில் 1981-லிருந்து பிழைப்பூதியத்துக்கெனத் தனிச் சட்டமே இருக்கிறது. சஸ்பெண்ட் ஆன தொழிலாளிக்கு முதல் 90 நாட்கள் பாதிச் சம்பளம், 180 நாட்கள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். இதையும் கேட்டு வாங்குகிறவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

2015-ல் வந்த இன்னொரு தீர்ப்பைப் படித்தபோது எனக்கு உண்மையான மகிழ்ச்சி ஏற்பட்டது. நீண்ட நாள் சஸ்பெண்டில் இருந்த மத்திய அரசு அதிகாரி ஒருவரின் வழக்கு. குற்றப்பத்திரிகை 60 அல்லது 90 நாட்களுக்குள் வராவிட்டால் கைதிக்கு ஜாமீன் உரிமை உண்டு என்பது அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167-ஆவது பிரிவு. நீதிபதி விக்ரம்ஜித் சென் அதை எடுத்து வேலை வழக்கில் வைத்தார். சிறையில் இருப்பவருக்கே 90 நாள் எல்லை இருக்கும்போது, குற்றச்சாட்டு என்னவென்றே சொல்லாமல் ஒருவரை அவமானத்தோடு ஆண்டுக்கணக்கில் வீட்டில் உட்காரவைப்பது எப்படி நியாயம்? குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராவிட்டால் சஸ்பென்ஷன் 3 மாதத்தைத் தாண்டக் கூடாது என்றார். பின்னர் வந்த தீர்ப்புகள், 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தந்தது உட்பட, 3 மாதம் ஆனதும் சஸ்பென்ஷன் தானாகவே ரத்தாகிவிடாது என்று அதன் கூர்மையைக் குறைத்துவிட்டன. எனக்கு அதில் உடன்பாடில்லை. தானாக ரத்தாகாத எல்லை, கோப்பில் கிடக்கும் எல்லையாகத்தான் இருக்கும்.

அரசு ஊழியர் அடிக்கடி ஏமாந்துபோகிற இடம் ஒன்றும் உண்டு. லஞ்ச வழக்கில் தண்டனை வருகிறது, மேல்முறையீடு செய்கிறார், தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கிடைக்கிறது. வேலையும் பிழைத்தது என்று நினைக்கிறார். பிழைக்கவில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிக் கல்வித் துறை ஊழியர் ஒருவரின் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: நிறுத்திவைக்கப்பட்டது தண்டனை மட்டுமே, குற்றவாளி என்ற தீர்ப்பு நிற்கிறது, ஆகவே துறை மேல்முறையீட்டுக்காகக் காத்திருக்காமல் வேலையை விட்டு நீக்கலாம். குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்திவைக்கும்படி கேட்கலாம், ஆனால் ஊழல் வழக்குகளில் அதை அரிதாகவே தருவார்கள். பொது வாழ்வின் தூய்மைக்காக இந்தக் கடுமை வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த மேல்முறையீடு ஓய்வு வயதுக்கு முன்பாவது பட்டியலுக்கு வர வேண்டாமா? விடுதலையாகிற அன்று திரும்பிப் போக வேலை இருக்காது.

வேலை இல்லாமல் இருந்த காலத்துக்கான பின்சம்பளத்தின் கதையும் ஏற்ற இறக்கம் உள்ளதுதான். அநியாயமாக நீக்கப்பட்டவருக்கு முழுப் பின்சம்பளமே இயல்பான விதி என்று 1978-ல் நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதினார், அந்த வழக்கில் 75 சதவீதம் கிடைத்தது. 2000-க்குப் பிறகு காற்று மாறியது. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் ஏன் என்ற குரல் தீர்ப்புகளில் கேட்டது. 2013-ல் ஔரங்காபாத் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் நீதிபதி சிங்வி பழைய விதியை மீட்டார். தீர்ப்பாயம் தந்த முழுப் பின்சம்பளத்தை மும்பை உயர் நீதிமன்றம் வெட்டியிருந்தது, அது திரும்பக் கிடைத்தது. தவறு செய்த நிர்வாகம் வழக்கை இழுத்தடித்துவிட்டு, காலம் கடந்துவிட்டதால் சம்பளம் வேண்டாமே என்று சொல்ல விடக் கூடாது என்பது அதன் சாரம்.

தற்காலிக ஊழியர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் உமாதேவி தீர்ப்பு நீண்ட காலம் சுவராக நின்றது. பின்வாசல் நியமனத்தைத் தடுக்க ஐந்து நீதிபதிகள் எழுதியதை, இருபது ஆண்டுகள் உழைத்த துப்புரவுப் பணியாளரை வீட்டுக்கு அனுப்பவும் அரசுகள் பயன்படுத்தின. 2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு, தோட்ட வேலை செய்தவர்களின் வழக்கில், அந்தத் தீர்ப்பை இப்படிக் கேடயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அவர்களைப் பணியில் சேர்த்தது. இதைத் தனியாகவே இன்னொரு நாள் பேச வேண்டும்.

கடைசியாக, கையில் வழக்கோடு வந்திருப்பவர்களுக்கு. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ல் வந்துவிட்டது. மேல் நீதிமன்றக் காலச் சம்பளம் அதிலும் இருக்கிறது, பிரிவு எண் மட்டும் மாறியிருக்கிறது. நிர்வாகம் தடை கேட்கும் ரிட் மனுவின் நகல் கைக்கு வந்த வாரத்திலேயே, வேறு வேலையில் இல்லை என்ற வாக்குமூலத்தோடு சம்பள மனுவைத் தாக்கல் செய்யுங்கள். தடை உத்தரவை நீட்டிக்கும் ஒவ்வொரு வாய்தாவிலும் அந்த மனுவையும் சேர்த்துப் பட்டியலிடச் சொல்லுங்கள். மேல்முறையீட்டில் ஜாமீன் கேட்கிறவர்கள், எத்தனை நாள் உள்ளே இருந்தாயிற்று, இந்த மேல்முறையீடு எந்த ஆண்டில் விசாரணைக்கு வரும் வாய்ப்பிருக்கிறது என்ற இரண்டையும் மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.